சைக்கிளுக்கு அரை, நடந்து போகிறவருக்கு எவ்வளவு?

துடியலூர் பஸ் நிறுத்தத்திலிருந்து சற்றுத் தள்ளி, மேட்டுப்பாளையம் சாலையோரம் இரண்டு இளைஞர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள். கார் போனால் ஒரு கோடு, லாரி போனால் ஒரு கோடு. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாலைப் போக்குவரத்துக் கணக்கெடுப்பு. ஏழு நாள், இரவும் பகலும் விடாமல் எடுக்க வேண்டும் என்பது விதி.

வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். பக்கத்துக் காலனிக்காரர், நமக்குப் பழக்கமானவர்.

"என்ன கண்ணு எழுதறீங்க?"

"ரோட்டுல போறதையெல்லாம் எண்றோம் பாட்டி."

"அப்பிடீன்னா என்னையும் ஒரு கோடு போட்டுக்கங்க. நானும் ரோட்டுலதானே போறேன்."

பையன் சிரித்தான். "நடந்து போறவங்களுக்குக் கட்டமில்லீங் பாட்டி."

பாட்டியும் சிரித்துவிட்டு நடையைக் கட்டினார். நாம் தாளை வாங்கிப் பார்த்தோம். பையன் சொன்னது உண்மைதான். கார், பஸ், லாரி, டிராக்டர், டூவீலர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இந்தச் சாலையில் பார்த்தே பல வருடமான மாட்டு வண்டிக்குக்கூட இருந்தது. மனிதருக்கு இல்லை.

இது அந்தப் பையன்களின் தவறல்ல. அந்தத் தாளை வரைந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஆனால் அரசு எந்தச் சாலையை முதலில் அகலப்படுத்துகிறது, எங்கே மேம்பாலம் கட்டுகிறது, எந்த ஊருக்கு இன்னும் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறது என்பதெல்லாம் இப்படிப்பட்ட தாள்களிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் அந்தத் தாளைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

இந்தியாவில் சாலைகளுக்கான விதிமுறைகளை வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு. கலவையான வண்டிகள் ஓடும் சாலையில் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் கூட்டுவதற்கு, காரை ஒன்று என்று வைத்து மற்ற வண்டிகளுக்கு அது ஒரு மதிப்புக் கொடுத்திருக்கிறது. கிராமப்புறச் சாலைகளுக்கான 1990 விதிப்படி கார் 1. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் 0.5. பஸ்ஸும் லாரியும் 3. கைவண்டி 3. குதிரை வண்டி 4. மாட்டு வண்டி 8. மாட்டு வண்டிக்கு எதற்கு எட்டு என்று கேட்டால், அது மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவர்களை மறிக்கிறது, அதனால் எட்டு. ஆக, ஒரு வண்டி மற்ற வண்டிகளுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதைச் சொல்லும் கணக்கு இது. அந்த வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், போகாவிட்டால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் உலை கொதிக்குமா என்பதெல்லாம் இதில் வராது. அறுபது பேர் நசுங்கிக்கொண்டு போகும் டவுன் பஸ்ஸும், ஆளுக்கு ஒருவராக ஓட்டிப் போகும் மூன்று காரும் தாளில் ஒன்றுதான்.

சாலையின் அகலத்தையும் கனத்தையும் முடிவு செய்ய ஒரு பொறியாளருக்கு இந்தக் கணக்கு தேவை. அதை நாம் மறுக்கவில்லை. எவ்வளவு அகலம் என்று கேட்க வேண்டிய கணக்கை, யாருக்கு முதலில் என்று கேட்கவும் பயன்படுத்துவதுதான் சிக்கல்.

நெடுஞ்சாலைத் துறை வருடந்தோறும் ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் சாலைகளை அகலப்படுத்துகிறது. முதலமைச்சரின் சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் மாவட்டத் தலைநகரங்களையும் வட்டத் தலைநகரங்களையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலைகளை நான்கு வழியாக்குகிறது. தேர்வில் முன்னால் நிற்பது போக்குவரத்து அடர்த்தி. வண்டி நிறைய ஓடும் சாலைக்குப் பணம் வரும். பணம் வந்ததும் சாலை அகலமாகும். அகலமானதும் இன்னும் வண்டி வரும். அடுத்த கணக்கெடுப்பில் அந்தச் சாலை மறுபடி முதலிடத்தில் நிற்கும். வண்டியே வர முடியாத மண் பாதையில் போய் யார் எண்ணப் போகிறார்கள்? பஸ் வராத இடத்தில் பஸ் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யம் என்பதால் தேவையில்லை. தேவையில்லை என்பதால் பஸ் வராது.

நம் மேட்டுப்பாளையம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டம்பாளையத்தில் 2022-இல் மேம்பாலம் திறந்தார்கள். ஜி.என். மில்ஸ் பக்கம் ஒன்று, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று என்று வரிசையாக எழுந்துவிட்டன. நகரத்துக்குள் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை 1,791 கோடி ரூபாயில் கட்டி 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 177 கோடி. (சாலைகளிலும் தெருக்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்த அதே மாதத்தில், அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டினார்கள். அவருடைய அறிவியல் பணியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தெருவில் கூடாதது பாலத்தில் எப்படி வரலாம் என்று கேட்டால், பெயரின் ஒரு பகுதி என்கிறார்கள். நம் காலனிகளின் பெயர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒட்டின.)

இந்தப் பாலங்களால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆம்புலன்ஸ் போகிறது, பஸ்ஸும் போகிறது. ஆனால் அவிநாசி சாலையின் உயர்மட்டச் சாலையில் ஏறுகிறவர் அடுத்த நிறுத்தம் எது என்று தேட வேண்டியவர் அல்ல. நடந்து சாலையைக் கடக்க வேண்டியவர் கீழே நிற்கிறார். சிக்னலை எடுத்துவிட்டு 'யூ டர்ன்' வைத்த சந்திப்புகளில் அவருக்கு வண்டிகள் நிற்கும் அந்த ஒரு நிமிடமும் போய்விட்டது.

உக்கடம் மேம்பாலத்தின் கதை இன்னும் கசப்பானது. உக்கடம் முதல் ஆத்துப்பாலம் வரையிலான அந்தப் பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்காக இடம் விட்டவர்களில் உக்கடம் சி.எம்.சி. காலனி மக்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தின் குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர் குடும்பங்கள், பெரும்பாலும் அருந்ததியர். வேலை நகரத்தின் நடுவில், விடியற்காலையில். அதனால்தான் அங்கேயே மாற்று வீடு வேண்டும் என்று அவர்கள் போராடினார்கள். நகரத்தை விட்டு வெகுதூரத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தால், விடியும் முன் அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவது? மறுகுடியேற்றத்தை ஒரு துறை முடிவு செய்கிறது, பஸ் தடத்தை இன்னொரு துறை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் நம் மக்கள் இருட்டில் நிற்கிறார்கள்.

எண்ணிக்கையின் வலியைக் கோவை நகரமே அண்மையில் உணர்ந்தது. மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும். 2011 கணக்கெடுப்புப்படி கோவை மாநகராட்சியில் 15.84 லட்சம்தான் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. நகரமே கொதித்தது. 2011 கணக்கை வைத்து இன்றைக்கு முடிவு செய்வதா, மாநகராட்சி எல்லையை மட்டும் பார்ப்பதா, சுற்றுப் பகுதிகளையும் சேர்த்தால் 20 லட்சம் எப்போதோ தாண்டிவிட்டதே, ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் கொடுத்தது எப்படி என்று கட்சிகளும் தொழில் அமைப்புகளும் கேட்டன. எல்லாம் நியாயமான கேள்விகள். எல்லையை எங்கே வரைகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு நகரமே கணக்கிலிருந்து விழும் என்றால், ஒரு காலனி விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அது எப்படி விழுகிறது என்று சொல்கிறோம். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. சாலை வசதி இல்லாத குடியிருப்பு எது என்பதற்கு அதன் வழிகாட்டி நெறியில் ஒரு வரையறை உண்டு. சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்க வேண்டும். எல்லாப் பருவத்திலும் பயன்படும் சாலையிலிருந்தோ, சாலை உள்ள குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 500 மீட்டருக்குள் இருந்தால் அது ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பு. தில்லியில் உட்கார்ந்து பார்த்தால் நேர்மையான விதி. அரைக் கிலோமீட்டர் யாரும் நடப்பார்களே.

ஆனால் கொங்கு நாட்டில் காலனி எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில். கூலிக்குக் கூப்பிட்டால் வந்து சேரும் அளவுக்குப் பக்கத்தில், தொட்டுவிடாத அளவுக்குத் தூரத்தில். சாதி போட்டுவைத்த அந்த தூரம் பெரும்பாலும் 500 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் காகிதத்தில் நமக்குச் சாலை இருக்கிறது. நடுவில் இருப்பது அரைக் கிலோமீட்டர் மண் மட்டும் அல்ல. ஊர்த் தெரு, கோயில் வாசல், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வை. இவற்றை மீட்டரில் அளக்கும் கருவி எந்தத் துறையிடமும் இல்லை.

துடியலூருக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள ஒரு காலனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று அங்குள்ளவர்களே கேட்டுக்கொண்டார்கள். ஊரோடு அன்றாடம் புழங்க வேண்டியவர்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வேலை முழுவதும் செங்கல் சூளை. அனுமதியில்லாமல் இயங்கிய 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. செம்மண்ணைத் தோண்டித் தோண்டிப் பள்ளத்தாக்கையே குடைந்திருந்தார்கள், மூடியது சரிதான். செங்கல் லாரி ஓடிய காலத்தில் தடாகம் சாலைக்கு இருந்த கவனிப்பு அங்கே மண் மிதித்த நம் பெண்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். சூளை மூடியதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கூலி போயிற்று. இப்போது அவர்கள் துடியலூருக்கும் கவுண்டம்பாளையத்துக்கும் வீட்டு வேலைக்கும், துப்புரவு வேலைக்கும், சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் போகிறார்கள். நடந்து போன வேலை, பஸ் ஏறிப் போகும் வேலையாக மாறிவிட்டது. இந்த மாற்றம் எந்தத் திட்டத் தாளிலாவது பதிவாகியிருக்கிறதா?

பஸ் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் வந்து திரும்பிவிடும். காலனிக்கு அங்கிருந்து நடக்க வேண்டும். பகலில் பரவாயில்லை. காலை ஐந்து மணிக்கும் இரவு எட்டரைக்கும்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும். விளக்கு இல்லை. மலையடிவாரம் என்பதால் யானை வருமோ என்ற பயம் வேறு. ஒரு அக்கா சொன்னார்: "ஆனை வந்தாக்கூட ஒதுங்கிக்கலாமுங்க. குடிச்சுப்போட்டு உக்காந்திருக்கறவனுங்க வாயிலிருந்து ஒதுங்க முடியறதில்லை." அவருடைய மகள் நகரத்தில் நர்சிங் படிக்கிறாள். அவளைக் கோயில் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகுதான் இவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். வேலை செய்யும் வீட்டில் தாமதம் என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். படிப்பை விட்டுவிடலாமா என்று மகள் கேட்டிருக்கிறாள்.

பஸ்ஸைக் காலனி வரைக்கும் விடுங்கள் என்று மனு மேல் மனு போனது. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: பஸ் திருப்ப இடமில்லை. ஒருமுறை நாமே உடன் போயிருந்தோம். "நாங்களே இடம் காட்டறோமுங்க, புறம்போக்கு கெடக்குது" என்று காலனிப் பெரியவர் சொன்னார். "சரிங்க ஐயா, ஆனா நீங்க ஏற்கெனவே பஸ் வசதி உள்ள கிராமம்னு இருக்குதே" என்று எதிரில் இருந்தவர் கணினியைப் பார்த்துச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

சரி, மினி பஸ்? 1997-இல் கலைஞர் ஆட்சியில் வந்த மினி பஸ் திட்டம் உண்மையிலேயே பல குக்கிராமங்களைத் தொட்டது. 2025 ஜூனில் விரிவாக்கிய புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். நல்ல நோக்கம். ஆனால் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலனிக்கு இதில் வழியில்லை. பாதையின் பெரும்பகுதியில் ஏற்கெனவே பஸ் ஓடுகிறதே. ஊர் கணக்கில் உண்டு. ஊருக்குப் புறத்தே இருப்பவர் மறுபடியும் ஊரின் கணக்கிலேயே கரைந்துபோகிறார்.

இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் ரெட்டைமலை சீனிவாசன். சாலையில் நடப்பதே ஒரு சட்டமன்றத் தீர்மானமாக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மோட்டார் பஸ் வந்தபோது, நம்மவர்களை ஏற்ற மாட்டோம் என்றார்கள் முதலாளிகள். அப்படிச் செய்தால் உரிமம் ரத்தாகும் என்று இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் உத்தரவு போட்ட பிறகே அங்கு கதவு திறந்தது.

பஸ் அரசுடைமையானதும் எல்லாம் மாறும் என்று நம்பினோம். நிறையவே மாறியது. 1972-இல் கோவையில் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் நம் அப்பா அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்கள். அந்தச் சேரன் பெயர் இன்றைக்கு ஏன் இல்லை என்று இளைஞர்களைக் கேட்டால் தெரிவதில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அவர் தேவேந்திரர் குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அந்த ஒரு பெயரை மட்டும் எடுக்க முடியாமல், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. சேரனும் பாண்டியனும் பல்லவனும் அதில் போனார்கள். ஒரு பட்டியலினத்தவர் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏற மறுத்த கோபத்துக்கு மூவேந்தரும் பலியானார்கள்.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது. பட்டியலின மக்களின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியைத் தனியே ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80 முதல் நடப்பில் உள்ளது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். கோவை மாவட்டத்தில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் பொதுச் சாலை ஒன்று போட்டுவிட்டு, அதில் பட்டியலினத்தவரும்தானே நடப்பார்கள் என்று ஒரு பங்கை நம் கணக்கில் எழுதும் பழக்கம் நாடு முழுக்க இருந்தது. தில்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்த நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான கோடியைத் திருப்பியதை நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். இதைத் தடுக்கத்தான் ஆந்திராவும் கர்நாடகமும் 2013-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தன. நமக்கு 2024-இல் வந்தது. கணக்கெழுதும்போது மட்டும் சாலையில் நடப்பவர்களாக நம்மை நினைவுக்கு வருகிறது. சாலை போடும் முன் எண்ணும்போது கட்டமில்லை.

எண்ணும் முறையை மாற்றினால் திட்டமும் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. கட்டணம் இல்லாவிட்டாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு கழகத்துக்கு ஈடு தருகிறது. அதாவது வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் பயணம் முதன்முறையாகக் காகிதத்தில் ஏறியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது அதனால்தான். வெளிநாட்டில், கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளுக்கு 2004-இல் கம்பிவடத் தொங்கு ஊர்தியை மெட்ரோ ரயிலோடு இணைத்து ஓட்டினார்கள். அங்கே கார் ஓடவில்லை, ஆகவே கார் அலகும் இல்லை. மனிதர்கள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்கள், அதைப் பார்த்தார்கள்.

நாம் கேட்பது அவ்வளவு பெரியதல்ல. போக்குவரத்துக் கணக்கெடுப்புத் தாளில் நடப்பவருக்கும், பஸ்ஸில் உள்ள ஆட்களுக்கும் ஒரு கட்டம். வருவாய்க் கிராமத்தை எண்ணாமல் குடியிருப்பைக் குடியிருப்பாக எண்ணுவது. 2024 சட்டத்தின் கீழ் வரும் நிதியில் காலனிக்குள் பஸ் திரும்பும் இடம், நிழற்குடை, விளக்கு. காலை ஐந்தரைக்கு ஒரு பஸ்.

அந்தக் காலனிப் பிள்ளைகளிடம் கணக்கெடுப்புத் தாளின் நகலைக் கொடுத்திருக்கிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதில் ஸ்கேல் வைத்துக் கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தாள். மேலே 'ஆள்' என்று எழுதினாள். கோயில் திருப்பத்தில் ஏழு நாள், முறை வைத்து உட்காருவதாக ஏற்பாடு. இரவுக் கணக்குக்குப் பெரியவர்கள் இருவர் உடன் இருக்கிறார்கள். ஏழாம் நாள் முடிந்ததும் வரும் திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு அந்தத் தாளும் போகிறது. அக்கா அன்றைக்கு ஒரு நாள் லீவு சொல்லியிருக்கிறார்.